நீர்க்கடுப்பு தணிந்த பிறகு விலாவுக்குக் கீழே வலி, குளிர் நடுக்கம்: தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்குமா?

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் எதுவும் இல்லை, கருவுற்றிருக்கவும் இல்லை. சில நாட்களுக்கு முன் கடுமையான நீர்க்கடுப்பு, அடிவயிற்றில் கனம், போய்விட்டு வந்த உடனேயே மறுபடியும் போக வேண்டும் என்ற உந்துதல் ஆகியவற்றுடன் மருத்துவரைப் பார்த்தேன். அவர் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பையில் தொற்று என்று சொல்லி, ஐந்து நாட்களுக்கு நைட்ரோபியூரன்டாயின் என்னும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதி மாத்திரைகள் தீர்வதற்குள் எரிச்சல் பெருமளவு அடங்கிவிட்டது.

ஆனால் நேற்றிலிருந்து வலப்பக்கம், கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, முதுகை ஒட்டினாற்போல் ஒரு மந்தமான வலி இருக்கிறது. திரும்பிப் படுத்தாலும் எழுந்து நடந்தாலும் அது கூடவோ குறையவோ இல்லை. இரவு பற்கள் கிடுகிடுக்கும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்து, போர்வைக்குள் சுருண்டு படுத்தும் சிறிது நேரம் நிற்கவில்லை. பாராசிட்டமால் ஒன்று போட்டுக்கொண்டேன். காலையில் வெப்பமானி 37.6 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. சாப்பாட்டில் மனம் செல்லவில்லை, வாந்தி இல்லை.

வீட்டில் மூச்சுப்பிடிப்பு என்கிறார்கள். என் ஐயம் இதுதான்: மருந்து வேலை செய்து எரிச்சல் குறைந்துகொண்டிருக்கும்போதே தொற்று மேலே ஏற முடியுமா? மீதி மாத்திரைகளை முடித்துவிட்டுப் பார்க்கலாமா, அல்லது இன்றே போக வேண்டுமா? 37.6 என்பதைக் காய்ச்சல் என்று சொல்வதா?

பொறுமைசாலி:

வணக்கம் சகோதரி. பதற வேண்டாம் என்பதே என் முதல் சொல். சிறுநீர்ப்பைத் தொற்று வருகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது சிறுநீரகம் வரை செல்கிறது. உங்களுக்கு மருந்தும் கேட்டிருக்கிறது, எரிச்சலும் குறைந்திருக்கிறது. முதுகுவலி யாருக்குத்தான் இல்லை? உடல்நிலை சரியில்லை என்று நாள் முழுவதும் படுத்திருந்தாலே இடுப்பும் விலாவும் பிடித்துக்கொள்ளும். நன்றாகத் தண்ணீர் குடித்து, மாத்திரைகளை முடித்துவிட்டு, அதன் பிறகும் வலி இருந்தால் போய்ப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். சிறு வலிக்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓடினால் தேவையற்ற ஊசியும் ஸ்கேனும்தான் மிஞ்சும்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

செங்காந்தள் அவர்களுக்கு, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே, முடிந்தால் இந்த வேளையிலேயே, ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். மாத்திரைகள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் இருபதாண்டுகளுக்கு மேல் பொது மருத்துவம் பார்த்தவன் என்றாலும், உங்களைத் தொட்டுப் பார்க்காமல் இது சிறுநீரகத் தொற்றுதான் என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு பக்க விலாப்புற வலியும் நடுக்கமும் சேர்ந்து வந்தால், அது சிறுநீரகத் தொற்று இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்யும் வரை ஆம் என்றே கருதி நடப்பதுதான் முறை.

எரிச்சல் குறைந்திருக்கும்போது தொற்று ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், அதற்குத் தெளிவான காரணமும் உண்டு. நைட்ரோபியூரன்டாயின் உடலுக்குள் சென்றதும் விரைவாகச் சிறுநீரில் வந்து சேர்ந்துவிடும் மருந்து. சிறுநீர்ப்பைக்குள் அது போதிய செறிவில் இருப்பதால் அங்குள்ள கிருமிகளை நன்றாக அழிக்கிறது. ஆனால் இரத்தத்திலும் சிறுநீரகத்தின் சதைப்பகுதியிலும் அதன் அளவு மிகக் குறைவு. ஒரே வேளையில் 3 கிராம் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் பாஸ்போமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்குக்கும் ஏறத்தாழ இதே வரையறை உண்டு. ஆகவே மருந்து தொடங்கும் முன்னரே ஒரு சில கிருமிகள் மேலே ஏறியிருந்தால், கீழே எரிச்சல் தணிந்துகொண்டிருக்கும் அதே நாட்களில் மேலே தொற்று வளர்வதற்குத் தடை எதுவும் இல்லை. உங்கள் மருத்துவர் தவறான மருந்து கொடுத்தார் என்று இதற்குப் பொருளில்லை. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது மிகப் பொருத்தமான மருந்து. சிறுநீரகத் தொற்றுக்கு அதைத் தொடர்வதுதான் பொருந்தாது.

பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணமான ஈ.கோலை என்னும் நுண்ணுயிர் நம் பெருங்குடலில் இயல்பாக வாழ்வது. அதன் சில வகைகளுக்கு மெல்லிய இழைகள் இருப்பதால், சிறுநீர்ப் பாதையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் இணைக்கும் 25 முதல் 30 செ.மீ. நீளக் குழாய் வழியாக எதிர்த்து ஏற முடிகிறது. அந்தக் குழாய் சிறுநீர்ப்பைக்குள் சாய்வாக நுழைவதால், பை நிறையும்போது அதன் வாய் அழுத்தப்பட்டு மூடிக்கொள்ளும். பெரும்பாலோருக்குத் தொற்று கீழேயே நின்றுவிடுவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். பொறுமைசாலி அவர்கள் சொன்ன ‘மிகச் சிலருக்குத்தான்’ என்பது அந்த அளவில் சரி. ஆனால் அந்தக் கணக்கு எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஆறுதலாகுமேயன்றி, நடுக்கம் வந்துவிட்ட ஒருவருக்குப் பொருந்தாது.

அந்த நடுக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சிறுநீர்ப்பைத் தொற்று உட்சவ்வின் மேற்பரப்போடு நிற்பதால் வழக்கமாகக் காய்ச்சல் தருவதில்லை; அடிவயிற்று வலி, எரிச்சல், கலங்கல், சில வேளைகளில் இரத்தம் என்பதோடு அது முடிந்துவிடும். சிறுநீரகமோ இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் உறுப்பு. அதன் சதைக்குள் கிருமிகள் புகுந்தால் உடல் முழுவதும் உடனே எதிர்வினை காட்டும். பல் கிடுகிடுக்கும் நடுக்கத்துக்குப் பின்னால் கிருமிகள் இரத்தத்தில் கலந்திருக்கும் வாய்ப்பும் உண்டு. ‘கொஞ்சம் குளிராக இருந்தது’ என்பது வேறு. போர்வைக்குள்ளும் அடங்காத உதறல் என்பது வேறு. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது.

இனி அந்த 37.6. பொதுவாக 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்கிறோம். ஆனால் உங்கள் வெப்பமானி பாராசிட்டமாலுக்குப் பிறகு எடுத்த அளவைக் காட்டுகிறது. நடுக்கத்தின்போது எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. மாத்திரை காய்ச்சலை இறக்குமே தவிர தொற்றை இறக்காது. மருத்துவரிடம் செல்லும்போது எத்தனை மணிக்குப் பாராசிட்டமால் போட்டீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவரும் இந்த எண்ணைப் பார்த்து ஏமாற வாய்ப்பிருக்கிறது.

வலியைப் பற்றி. மூச்சுப்பிடிப்போ தசைப்பிடிப்போ என்றால் குனிந்தால், திரும்பினால், இருமினால் சுருக்கென்று கூடும். வசதியாக ஒரு பக்கம் படுத்தால் குறையும். பெரும்பாலும் பளு தூக்கியது, கோணலாகப் படுத்தது என்று ஒரு காரணம் நினைவுக்கு வரும். சிறுநீரகத் தொற்றின் வலி விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட மூலையில், ஆழத்தில், எப்படிப் படுத்தாலும் ஒரே சீராக நிற்கும். சிறுநீரகத்தின் சதைக்கு வலி உணர்வு கிடையாது. அது வீங்கி, மேலுள்ள உறை இழுபடுவதால்தான் இந்த மந்தமான கனத்த வலி உண்டாகிறது. சிறுநீரகக் கல் இறங்கும் வலி இவ்விரண்டிலும் சேராதது: அலை அலையாக வந்து, தொடை இடுக்கு வரை இறங்கி, ஆளை ஓரிடத்தில் உட்காரவிடாமல் புரட்டும். மருத்துவர் அந்த மூலையில் ஒரு உள்ளங்கையை வைத்து அதன்மேல் மறுகையால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் துள்ளி விலகுமளவுக்கு வலித்தால் அது வலுவான தடயம். வீட்டில் யாரையாவது தட்டச் சொல்லி முடிவுகட்ட வேண்டாம். தட்டுகிற விசையும் இடமும் தெரியாமல் செய்வதில் பயனில்லை. வலிக்கவில்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்துத்தான் அதிகம்.

போகும் வழியிலோ, காத்திருக்கும்போதோ, மூச்சு வேகமாக வாங்குவது, பேச்சில் குழப்பம், எழுந்தால் கண் இருண்டு விழுவது, கைகால் சில்லிட்டுப் போவது, பல மணி நேரமாகச் சிறுநீரே வராமலிருப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வெளிநோயாளிப் பிரிவை விட்டுவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தொற்று இரத்தத்தில் பரவி உடல் தளரத் தொடங்குவதன் அறிகுறிகள் அவை.

ஆய்வுக்கூடத்தான்:

மருத்துவர் ஐயா எழுதியதோடு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்களுக்கு முதலில் செய்தது பட்டைச் சோதனை மட்டுமே என்று தெரிகிறது. இம்முறை சிறுநீர் கல்ச்சர் (மாதிரியில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகத் தொற்று என்ற ஐயம் எழுந்துவிட்டால் அதைத் தவிர்க்கக் கூடாது. புதிய ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்னரே மாதிரியைக் கொடுத்துவிடுவது மிக முக்கியம். ஒரு வேளை மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால், கிருமி உடலில் இருந்தும் தட்டில் வளராமல் போகக்கூடும். நீங்கள் ஏற்கெனவே ஒரு மருந்தில் இருப்பதால் அதன் பெயரையும் கடைசி வேளை எப்போது என்பதையும் கோரிக்கைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிறப்புறுப்பின் முன்பகுதியைத் துடைத்துவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கப்பட்ட குப்பியில் பிடிக்க வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் கொண்டுவரப்படும் மாதிரிகளில் தோலிலிருந்து வந்த பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்து, ‘கலப்பு வளர்ச்சி, மீண்டும் மாதிரி அனுப்பவும்’ என்று எழுத வேண்டிய நிலை எங்களுக்கு அடிக்கடி வருகிறது. அதற்குள் நோயாளி மருந்து தொடங்கியிருப்பார். பிறகு எடுக்கும் மாதிரியால் பெரிதாகப் பயனிராது. குப்பியை 2 மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். தாமதமாகுமென்றால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் ஒன்றிரண்டு கிருமிகள்கூடப் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதுபோல் காட்டும்.

பட்டைச் சோதனையில் நைட்ரைட் இல்லை என்று வந்தால் தொற்று இல்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள். சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைச் சில கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றுவதைத்தான் பட்டையின் அந்தக் கட்டம் காட்டுகிறது. அதற்குச் சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் ஏறத்தாழ 4 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. எண்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதும் இல்லை. வெள்ளணுக்களும் (தொற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) இல்லை, நைட்ரைட்டும் இல்லை என்றால் ஐயம் குறையும். ஒன்று மட்டும் இல்லை என்பதால் குறையாது. நுண்ணோக்கியில் வெள்ளணுக்கள் உருளை வடிவில் ஒட்டித் திரண்டிருந்தால், அவை சிறுநீரகத்தின் நுண்குழல்களில் வார்ப்பெடுத்து வந்தவை என்று பொருள். அறிக்கையில் ‘வெள்ளணு வார்ப்புகள்’ என்று இருந்தால் மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கல்ச்சரில் கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய மேலும் ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவரை யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள். அனுமானத்தில் ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் தேவையானால் மாற்றுவார்கள். எனவே முடிவை வாங்கிக்கொண்டு போய்க் காட்டுவது உங்கள் பொறுப்பு. உடம்பு தேறிவிட்டது என்று அறிக்கையை வாங்காமலே விட்டுவிடுபவர்கள் பலர்.

பொறுமைசாலி:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் ஒரு கேள்வி. சிறுநீர்ப்பைத் தொற்றின்போது கீழ் முதுகில் ஒரு உளைச்சல் இருப்பது வழக்கம்தானே? இப்படி எழுதினால், நீர்க்கடுப்பும் முதுகுவலியும் உள்ள ஒவ்வொருவரும் அவசரப் பிரிவில் போய் நிற்க மாட்டார்களா?

ஓய்வுபெற்ற மருத்துவர்:

நியாயமான கேள்வி. எல்லா முதுகுவலியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. சிறுநீர்ப்பைத் தொற்றில் வரும் உளைச்சல் பெரும்பாலும் இடுப்பெலும்பு மட்டத்திலோ அதற்குக் கீழோ, இரு பக்கமும் பரவலாக இருக்கும். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, குமட்டல் இல்லை, சாப்பிடவும் நடமாடவும் முடிகிறது, அசைந்தால் வலி கூடுகிறது என்றால், கொடுத்த மருந்தைத் தொடர்ந்துகொண்டு மறுநாள் தம் மருத்துவரிடம் சொன்னால் போதும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் எரிச்சலே இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் தணியவில்லையென்றால், அது கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாக இருக்கலாம்; அப்போதும் கல்ச்சர் தேவை. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக நிலைத்த வலி, நடுக்கம், காய்ச்சல், குமட்டல் ஆகியவற்றில் எதுவும் புதிதாக வந்து சேர்ந்தால்தான் அன்றே பார்க்க வேண்டும் என்கிறேன். இந்த மாற்றம் சில மணி நேரத்திலேயே நிகழக்கூடியது என்பதால், நேற்று நன்றாக இருந்தேன் என்பது இன்றைக்குச் சான்றாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத் தொற்று வந்தவர்களில் பலருக்கு எரிச்சலே இருப்பதில்லை. ‘நீர்க்கடுப்பு இல்லையே, பிறகெப்படிச் சிறுநீரகத் தொற்று?’ என்று கேட்டுக்கொண்டு, வெறும் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் காலம் கடத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூத்தமகன்:

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தைக்கு எழுபதைத் தாண்டிய வயது. சர்க்கரை நோய் உண்டு. புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்துக்காகச் சிறுநீரை வெளியே வடிக்கும் குழாய் போட்டிருக்கிறார்கள். அவருக்குச் சிறுநீர் எப்போதும் சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கிறது, நாற்றமும் உண்டு. எரிச்சல் என்று அவர் சொல்வதில்லை. இப்படிப்பட்டவருக்கு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற மருத்துவர்:

உங்கள் தந்தையின் நிலை செங்காந்தள் அவர்களின் நிலையைவிடச் சிக்கலானது. நீண்ட நாள் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாத அளவில் ஏறத்தாழ அனைவருக்குமே சிறுநீரில் கிருமிகள் குடியேறிவிடும். கலங்கலும் நாற்றமும் அதனால் வருபவை. அவற்றை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் நன்மை இல்லை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் வளர்வதுதான் மிச்சம். ஆகவே சிறுநீரைப் பார்ப்பதைவிட ஆளைப் பாருங்கள். நேற்று வரை செய்தித்தாள் படித்தவர் இன்று படுக்கையை விட்டு எழவில்லை, உணவை ஒதுக்குகிறார், பேச்சு தடம் மாறுகிறது, நடக்கையில் தடுமாறி விழுகிறார், சர்க்கரை அளவு காரணமின்றி எகிறுகிறது என்றால் விழித்துக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்கு 38 டிகிரி வரை காய்ச்சல் ஏறாமலும் போகலாம். அவருடைய வழக்கமான அளவைவிட 1 டிகிரிக்கு மேல் கூடியிருந்தாலே பொருட்படுத்துங்கள். அதே நேரத்தில், குழப்பம் ஒன்று மட்டும் இருந்து சிறுநீரில் கிருமியும் இருந்தால், உடனே எல்லாவற்றையும் சிறுநீரின் தலையில் போட்டுவிடக் கூடாது. நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து, நுரையீரல் தொற்று ஆகியவையும் அதே குழப்பத்தைத் தரும்.

குழாய் திடீரென வடியாமல் நின்று, அடிவயிறு உப்பி, காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அடைப்பின் பின்னால் தேங்கிய சிறுநீரில் தொற்று இருப்பது மிகவும் ஆபத்தானது. அங்கே மருந்து மட்டும் போதாது, தேக்கத்தை வடித்தாக வேண்டும். கல் அடைத்துக்கொண்டு மேலே தொற்று ஏற்பட்டவர்களுக்கும் இதுவே விதி. குழாய் இரண்டு வாரத்துக்கும் மேலாக இருந்தால், அதை மாற்றிவிட்டுப் புதிய குழாயிலிருந்துதான் கல்ச்சருக்கு மாதிரி எடுக்க வேண்டும். குழாயோடு வெளியே இணைத்த பையில் தேங்கியதை எடுக்கக் கூடாது. சர்க்கரைக்கு அவர் உட்கொள்ளும் மாத்திரைகள், குறிப்பாகச் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை இருந்தால், வாந்தியும் பட்டினியுமான நாட்களில் அவற்றைத் தொடரலாமா என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவுற்ற பெண்களும் தனி வரிசை. கருப்பை அழுத்துவதாலும், ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்கள் தளர்வதாலும் சிறுநீர் தேங்கி, குறிப்பாக வலப்பக்கச் சிறுநீரகத்தில் தொற்று எளிதில் ஏறும். அதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கல்ச்சரில் கிருமி தெரிந்தால் மருந்து கொடுக்கிறோம். விலாவலியும் காய்ச்சலும் வந்துவிட்டால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்தே சிகிச்சை. ஆண்களுக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று என்றால் புரோஸ்டேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒன்றே ஒரே அறிகுறியாக இருக்கலாம்.

செங்காந்தள்:

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிலைப் படித்தவுடன் கிளம்பிவிட்டேன். மருத்துவமனையில் பாராசிட்டமாலின் வேகம் குறைந்திருந்ததால் காய்ச்சல் 39.1 காட்டியது. வலப்பக்கம் தட்டியபோது உடல் துள்ளியது, இடப்பக்கம் ஒன்றுமில்லை. கல்ச்சருக்குச் சிறுநீரும், இரத்தப் பரிசோதனைக்கு மாதிரியும் எடுத்த பிறகு செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டார்கள். ஸ்கேனில் அடைப்போ கல்லோ இல்லை. நைட்ரோபியூரன்டாயினை நிறுத்திவிட்டு, வேறு மாத்திரை தொடங்கி, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாந்தி இல்லாததால் சேர்க்கத் தேவையில்லை என்றார்கள்.

இப்போது ஊசி போட்ட மறுநாள் மாலை. நடுக்கம் மீண்டும் வரவில்லை. ஆனால் காய்ச்சல் 38.3 இருக்கிறது, விலாவலியும் இருக்கிறது. மருந்து கேட்கவில்லை என்று கொள்ள வேண்டுமா? வலிக்கு வீட்டில் இபுபுரோஃபன் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா? இதனால் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

போனது நல்லதாயிற்று. மறுநாள் காய்ச்சல் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. பொருத்தமான மருந்து தொடங்கிய பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலின் உச்சம் படிப்படியாக இறங்க வேண்டும், நேற்று 39.1, இன்று 38.3, நடுக்கமும் இல்லை என்பது சரியான திசை. ஒரு தாளில் நேரம், வெப்பநிலை, பாராசிட்டமால் போட்ட வேளை மூன்றையும் குறித்துவாருங்கள். ஒற்றை எண்ணைவிட அந்த வரிசை மருத்துவருக்கு அதிகம் சொல்லும். 72 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் தொடர்ந்தால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லையா, சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி உருவாகியிருக்கிறதா, முதல் ஸ்கேனில் தெரியாத அடைப்பு ஏதும் உண்டா என்று சி.டி. ஸ்கேன் வரை போய்ப் பார்ப்பார்கள். நடுக்கம் திரும்பினாலோ மாத்திரை வாந்தியில் வெளியேறினாலோ அந்த 72 மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்காதவருக்கு மாத்திரைச் சிகிச்சை செல்லாது. ஊசிக்கு மாற வேண்டும்.

இபுபுரோஃபன் வேண்டாம். தொற்றும் நீரிழப்பும் உள்ள சிறுநீரகத்துக்கு அவ்வகை வலிமருந்துகள் இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சுமையைக் கூட்டுகின்றன. வலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமாலே போதும். தண்ணீரைத் தாகத்துக்குச் சற்று மேலாகக் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் தொற்று கழுவிக்கொண்டு போய்விடும் என்பது உண்மையல்ல, குமட்டல்தான் கூடும்.

நிரந்தரப் பழுது குறித்த அச்சத்துக்கு இங்கே இடம் குறைவு. சிறுநீர்ப் பாதையில் அமைப்புக் குறையோ அடைப்போ இல்லாத நலமான பெரியவருக்கு, காலத்தில் சிகிச்சை பெற்ற ஒரு முறைத் தொற்றால் சிறுநீரகம் செயலிழப்பது அரிது. விலாவலி காய்ச்சலைவிட மெதுவாகத்தான் போகும். ஒரு வாரம் கடந்தும் மெல்லிய நோவு இருந்தால் திகைக்க வேண்டாம். காய்ச்சல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தின் வகையைப் பொறுத்து 5 முதல் 14 நாட்கள் வரை கால அளவு மாறும். எழுதிக் கொடுத்ததை முடிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தான்:

கல்ச்சர் அறிக்கையை வாங்கும்போது, கிருமியின் பெயருக்குக் கீழே உள்ள மருந்துப் பட்டியலில் நீங்கள் இப்போது எடுக்கும் மாத்திரைக்கு நேராகக் ‘கட்டுப்படும்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டியலில் நைட்ரோபியூரன்டாயினுக்கும் ‘கட்டுப்படும்’ என்று வரக்கூடும். அதைப் பார்த்துப் பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட வேண்டாம். அந்தச் சோதனை தட்டில் வளர்ந்த கிருமியைத்தான் பார்க்கிறது. மருந்து சிறுநீரகச் சதைக்குப் போய்ச் சேருமா என்பதை அது சொல்லாது.

செங்காந்தள்:

அறிக்கை வந்துவிட்டது. ஈ.கோலை. நீங்கள் சொன்னதுபோலவே நைட்ரோபியூரன்டாயினுக்கும் ‘கட்டுப்படும்’ என்றே இருக்கிறது. இப்போது எடுக்கும் மாத்திரைக்கும் அவ்வாறே. மருத்துவர் இதையே தொடரச் சொன்னார். நேற்று மாலையிலிருந்து பாராசிட்டமால் இல்லாமலேயே 37.2ஐத் தாண்டவில்லை, பசியும் திரும்பியிருக்கிறது. முடிந்த பிறகு மறுபடியும் கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, அறிகுறிகள் முற்றிலும் நீங்கிவிட்டால் தேவையில்லை, இரண்டு வாரங்களுக்குள் எரிச்சலோ காய்ச்சலோ திரும்பினால் மட்டும் மருந்து தொடங்குமுன் மாதிரியோடு வரச் சொன்னார்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

அதுவே சரி. கருவுற்றவர்களுக்கு மட்டும் முடிந்த பிறகும் கல்ச்சர் எடுத்துப் பார்ப்போம். அடுத்த முறை எப்போதாவது நீர்க்கடுப்பு வந்தால், இதற்கு முன் ஒருமுறை சிறுநீரகம் வரை ஏறியது என்பதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்; பட்டைச் சோதனையோடு நிற்காமல் அன்றே கல்ச்சரும் அனுப்புவார்.